கட்டச் சொன்னவர் யார்: இந்திய நகரங்களின் புதிய கட்டடங்கள்

சுதந்திரத்துக்குப் பின் எழுந்த இந்திய நகரக் கட்டடங்களின் வடிவமைப்புத் தரம் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. அகமதாபாத்தில் 1950-க்கும் 1980-க்கும் இடையில் கட்டப்பட்ட சங்க அலுவலகம், கல்லூரி வளாகம், செல்வர் வீடு ஆகியவற்றைப் பார்க்க இன்றும் பல நாடுகளிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள். அதே காலத்தில் அகமதாபாத்தைப் போலவே பஞ்சாலைத் தொழிலில் பணம் பார்த்த கோயம்புத்தூரில் அப்படி வரிசையாகக் காட்ட எதுவும் எழவில்லை. சண்டிகரின் கடைவீதியில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே தூண் வரிசை நிற்கிறது. திருவனந்தபுரத்தில் பூசாத செங்கல் வீடு ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. சென்னையில் ஒரு தெருவில் பத்து அடுக்ககங்கள் இருந்தால் எண் பலகையைப் பார்க்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது சிரமம்.

இதற்குப் பணம், தட்பவெப்பம், அந்தந்த வட்டாரத்தில் கிடைக்கும் பொருள், மக்களின் ரசனை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் வரும். அதற்கு மேல் நின்றுவிடும். அகமதாபாத்தின் வெயில் சென்னை வெயிலைவிடக் கடுமை. திருவனந்தபுரத்தின் நல்ல கட்டடங்களில் பல மிகக் குறைந்த செலவில் கட்டப்பட்டவை. வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் வேறுபாட்டை அதிகம் விளக்குவது வேறொன்று: கட்டச் சொன்னவர் யார், கட்டி முடித்தபின் அவர் அதிலேயே இருந்தாரா, விற்றுவிட்டுப் போனாரா என்பது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பெரிய கட்டடங்களைக் கட்டச் சொன்னது பெரும்பாலும் அரசு. 1850-களில் பொதுப்பணித்துறை அமைந்தபின் கச்சேரி, பயணியர் விடுதி, சிறைச்சாலை, ஆஸ்பத்திரி என எல்லாவற்றுக்கும் மாதிரி வரைபடங்கள் வந்தன. ஒரே வரைபடம் சில நூறு மைல் இடைவெளியில் பலமுறை எழுந்தது. வரைபடம் ஒன்றாக இருந்தாலும் கைவேலை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாக இருந்ததால் ஓரளவு உள்ளூர் முகம் தப்பியது. சென்னையில் அந்த முகத்தைத் தந்தவை சங்குச் சுண்ணாம்புப் பூச்சும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளமும்.

மெட்ராஸ் டெரஸ் போடும் முறை இப்போது பழுதுபார்ப்பு வேலைகளில்தான் மிஞ்சியிருக்கிறது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டமாக, மூலைக்கு மூலை சாய்த்து அடுக்குவார்கள். கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதால் சாரம் வேண்டியதில்லை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளி எழும் அளவுக்குத் தளம் இறுகியபின் தட்டோடு பதிக்கப்படும். இந்தத் தளம் உத்திரம் எட்டும் நீளத்துக்குத்தான் வரும் என்பதால் சென்னையின் பழைய அறைகளின் அகலத்தை நிர்ணயித்தது மரத்தின் நீளமே.

அரசே கட்டச் சொன்னாலும் எல்லாம் மாதிரி வரைபடமாகிவிடவில்லை. சென்னை அரசின் கட்டடக் கலைஞராக இருந்த ராபர்ட் சிஷோம் 1870-களில் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டியபோது, நிலையான ஓர் அமைப்பு தனக்கென்று நிலையான ஓர் இடத்தைக் கேட்டது. 1892-ல் முடிந்த உயர் நீதிமன்றமும் அப்படிப்பட்டதே. அதைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியின் ஆட்களுக்கு நிகரான கொத்து வேலை அன்று தென்னகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆக, சென்னை பின்தங்கிய இடத்திலிருந்து கிளம்பவில்லை. 1950-க்கு முன் கைத்திறனில் அது அகமதாபாத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

அகமதாபாத்தின் கதை ஆலைகளில் தொடங்குகிறது. 1861-ல் ரஞ்சோட்லால் சோட்டாலாலின் முதல் நூற்பாலை ஓடத் தொடங்கியது. 1891-ல் ஆலை முதலாளிகள் சங்கம் உருவானது. பம்பாயைப் போல வெளியூர் முதலீடு அங்கே கோலோச்சவில்லை. முதலாளிகள் பெரும்பாலும் உள்ளூர் சமணர்களும் வைணவ வணிகர்களும். ஊரின் மகாஜன (வணிகர் சங்க) மரபில் ஊறியவர்கள்; ஒருவருக்கொருவர் சம்பந்திகள். லாபத்தை ஊரில் போடுவது அவர்களுக்குக் கௌரவம் சார்ந்த விஷயம். 1915-ன் பம்பாய் நகரத் திட்டச் சட்டமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. அச்சட்டப்படி ஒரு பகுதியின் துண்டு நிலங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, சாலைக்கும் பொது இடத்துக்கும் வேண்டியதைக் கழித்துவிட்டு, ஒழுங்கான மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தரலாம். சாபர்மதியின் மேற்குக் கரை இப்படித்தான் விரிந்தது. நல்ல கட்டடத்துக்கு முன்நிபந்தனையான நல்ல மனை அங்கே முதலிலேயே கிடைத்துவிட்டது.

1951-ல் சண்டிகர் வேலைக்காக இந்தியா வந்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவை அகமதாபாத்துக்கு அழைத்தவர் அப்போதைய மேயர் சினுபாய் சிமன்பாய். அவரும் ஆலைக் குடும்பம்தான். அருங்காட்சியகம், சங்கக் கட்டடம், சில வீடுகள் என்று வேலைகள் வரிசையாக வந்தன. அவற்றில் நான்கு கட்டப்பட்டன. கட்டச் சொன்னவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லது நண்பர். சங்கத் தலைவர் சுரோத்தம் ஹதீசிங் தனக்கென வரையச் சொன்ன வீட்டை, வரைபடத்தோடு சேர்த்து சியாமுபாய் ஷோதனுக்கு விற்றுவிட்டார். வேறொரு மனையில், ஒரு சுவரும் மாறாமல், அந்த வீடு எழுந்தது.

1954-ல் முடிந்த ஆலைச் சங்கக் கட்டடத்தின் மேற்கு முகத்தை அருகில் நின்று பார்த்தால் அந்த உறவில் என்ன கிடைத்தது என்பது தெரியும். கான்கிரீட் பலகைகள் தெருவுக்கு நேராக இல்லாமல் ஒரு கோணத்தில் சாய்ந்து நிற்கின்றன. மாலை வெயில் உள்ளே விழாது, காற்று தடைபடாது. கிழக்கு முகம் ஆற்றை நோக்கித் திறந்திருக்கிறது. அன்று ஆற்றுமணலில் சாயமேற்றுபவர்கள் துணி உலர்த்துவது அங்கிருந்து தெரியும். தெருவிலிருந்து முதல் தளத்துக்கு நேராக ஒரு சரிவுப்பாதை ஏறுகிறது. சங்கத்துக்குத் தேவைப்பட்டது சில அறைகளும் ஒரு கூட்ட அரங்கமும்தான். மீதி இடமெல்லாம் நிழலுக்கும் காற்றுக்கும் விடப்பட்டது. சதுர அடிக்கு வாடகை எதிர்பார்க்கும் யாரும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

லெ கார்பூசியேவின் பாரிஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த பாலகிருஷ்ண தோஷி இந்தக் கட்டடங்களை மேற்பார்வையிட அகமதாபாத் வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஊர் பெற்ற பெரிய லாபம் அதுதான். ஆலை முதலாளி கஸ்தூர்பாய் லால்பாயின் ஆதரவில் 1962-ல் அவர் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி பின்னாளில் செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதே ஆண்டில் கஸ்தூர்பாயும் விக்ரம் சாராபாயும் இந்திய மேலாண்மைக் கழக வளாகத்துக்காக அமெரிக்காவிலிருந்து கட்டடக் கலைஞர் லூயி கானை வரவழைத்தார்கள். தோஷிதான் அவரைப் பரிந்துரைத்தவர். கான் இங்கே கண்ணாடியும் எஃகும் கேட்கவில்லை. உள்ளூர்ச் செங்கல்லைக் கேட்டார். பெரிய வளைவுகளைச் செங்கல்லில் எழுப்பி, அவை விரிந்து போகாதபடி அடியில் கான்கிரீட் விட்டத்தால் கட்டினார். 1974-ல் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் இறந்தபோது வளாகத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. மீதியை அவருடன் வேலை பார்த்த அனந்த் ராஜே தொடர்ந்தார்.

பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞர்கள் ஊரிலேயே அலுவலகம் வைத்தார்கள். மாலையில் பள்ளியில் பாடம் எடுத்தார்கள். நல்ல கான்கிரீட் வார்க்கத் தெரிந்த ஒப்பந்ததாரர்களும் பூசாமல் விடும் அளவுக்குச் செங்கல்லை நேர்த்தியாக அடுக்கத் தெரிந்த கொத்தனார்களும் உருவானார்கள். அடுத்து வந்த அறக்கட்டளைகள், நூலகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் அந்தக் கைகளையே பயன்படுத்திக்கொண்டன. 2018-ல் தோஷிக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அதை வாங்கிய முதல் இந்தியர் அவர்.

கோயம்புத்தூரில் ஆலையும் இருந்தது, கொடையும் இருந்தது. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-லும் அதன் பொறியியல் கல்லூரி 1951-லும் தொடங்கின. ஆனால் அங்கே செல்வர்களின் கனவு எந்திரம். பம்ப், மோட்டார், நூற்பு எந்திரம் ஆகியவற்றின் வடிவமைப்பில் அவர்கள் காட்டிய அக்கறையைக் கட்டடத்தில் காட்டவில்லை. கல்லூரிக் கட்டடம் உறுதியாக, காற்றோட்டமாக, சிக்கனமாக இருந்தால் போதும். அதைப் பொறியாளரே போட்டுவிடுவார். அந்தக் கணக்கில் தவறில்லை. ஒரு பாணி உருவாவதற்கு அது போதவில்லை, அவ்வளவே.

சண்டிகரில் நடந்தது வேறு. அங்கே தரத்தைக் காத்தது சட்டம். 1952-ன் பஞ்சாப் தலைநகரச் சட்டத்தின் கீழ் கடைவீதியின் முகப்பு, முக்கிய சாலையோரக் கட்டடங்களின் உயரம், தூண் இடைவெளி எல்லாம் முன்கூட்டியே வரையப்பட்டன. மனை வாங்குபவர் உள்ளே எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம், வெளிச்சட்டகம் அரசுடையது. சிறு வீடுகளுக்கும்கூட முகப்பின் அளவுச் சட்டகம் விதிக்கப்பட்டது. முதலமைச்சர் முதல் பியூன் வரை அரசு ஊழியர் வீடுகளைப் பதின்மூன்று வகையாகப் பிரித்து மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, பியர் ஜான்னரே மூவரும் வரைந்தார்கள். ஜான்னரே 1965 வரை அங்கேயே இருந்து வேலையைக் கவனித்தார். விளைவு சலிப்பூட்டக்கூடியது என்பாரும் உண்டு. ஆனால் மோசமான கட்டடம் எழுவதை அந்த விதிகள் தடுத்தன; எல்லையைத் தாண்டி மொகாலிக்கோ பஞ்ச்குலாவுக்கோ போனால் வித்தியாசம் தெரியும். வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து விற்கும் பழக்கம் பழைய செக்டர்களுக்குள் நுழைந்தபோது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு முதல் கட்டத்தின் முப்பது செக்டர்களில் அதை நிறுத்தியது.

சென்னையில் கட்டச் சொன்னவர் கைமாறியதை ஒரே கட்டடத்தில் பார்க்கலாம். 1930-களின் இறுதியிலும் 1940-களிலும் வணிக நிறுவனங்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அலுவலகங்கள் நேர்த்தியானவை. 1940-ல் முடிந்த பாரிமுனையின் டேர் ஹவுஸ் அதற்குச் சாட்சி. அந்த மரபின் உச்சமாக, யுனைட்டெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் மவுண்ட் ரோட்டில் ஊரிலேயே உயரமான கட்டடத்தைத் திட்டமிட்டார். லண்டனின் பிரவுன், மோலின் இருவரும் வரைந்தார்கள். 1953-ல் வேலை தொடங்கியது. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் இறந்தார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. பாதியில் நின்ற கட்டடம் அரசுக் கழகத்தின் சொத்தானது. சென்னையில் 1930-களிலேயே தொழில் தொடங்கியிருந்த எல்.எம். சித்தாலே அதை முடித்துக் கொடுத்தார். முதலில் நினைத்த உயரம் குறைந்தது. 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். ஊர் வாயில் அது பதினாலு மாடிக் கட்டடம். வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வருபவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன இடம்.

செட்டியார் உயிரோடு இருந்து நிறுவனமும் அவரிடமே இருந்திருந்தால் சென்னைக்கும் ஒரு கஸ்தூர்பாய் கிடைத்திருப்பாரா என்று யோசிக்க இடமுண்டு. நடந்தது என்னவோ, அடுத்த இருபது ஆண்டுகளில் சென்னையில் பெரிதாகக் கட்டியவர்களில் முதன்மையானது அரசு. 1957-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பாடம் தொடங்கியது. பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த அத்துறை நல்ல மாணவர்களை உருவாக்கியது. ஆனால் அவர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்தில் ஆலை முதலாளிகள் இல்லை. 1961-ல் அமைந்த வீட்டுவசதி வாரியமும் 1970-ல் வந்த குடிசை மாற்று வாரியமும் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கூரை கொடுத்தன. வரைபடம் பழைய பொதுப்பணித்துறை வழியில் ஒன்றே பலவாகப் பெருகியது. நினைவுச்சின்னம் என்று வந்தால் மட்டும் அரசு எதிர்த்திசையில் சென்று கோயில் மரபைக் கையில் எடுத்தது. கிண்டியின் காந்தி மண்டபத்திலிருந்து 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் வரை இதைப் பார்க்கலாம். வள்ளுவர் கோட்டத்தை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. அதன் கல் தேரின் வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்டபத்துக்குச் சிற்ப மரபு, அலுவலகத்துக்குப் பெட்டி என்று இரண்டாகப் பிரிந்தபின், நடுவே அன்றாடக் கட்டடங்களுக்கான தமிழ்நாட்டு நவீனம் ஒன்று பிறக்க வாய்ப்பு குறைந்துபோனது.

திருவனந்தபுரத்தில் அப்படியோர் உள்ளூர் நவீனம் பிறந்தது. இங்கிலாந்திலிருந்து 1945-ல் தொழுநோய் மருத்துவமனைப் பணிக்காக இந்தியா வந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1960-களின் இறுதியில் அங்கே குடியேறினார். பொருளியலாளர் கே.என். ராஜ் உள்ளூரில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு 1970-களில் அவர் கட்டிய வளாகம்தான் அவருடைய முறைகளுக்குப் பெரிய சோதனைக்களம். அங்கே எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுந்தது: செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவராக்குவது. செங்கல்லில் ஏறத்தாழ கால்வாசி மிச்சம்; உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். தளத்திலும் அதே சிக்கனம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி மட்டுமே. சுற்றியிருக்கும் கான்கிரீட் வெறும் சுமை. அந்த இடத்தில் பேக்கர் உடைந்த மங்களூர் ஓடுகளை வைத்தார். ஜன்னலுக்குப் பதில் செங்கல் விட்டு விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர். தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் ஒரு சுருள் சரிவுப்பாதை. காபி குடிப்பவர்கள் அதன் ஓரமாகவே மேலே மேலே உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த முறை ஓர் ஆளோடு முடியாமல் போனதற்கு முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன் ஒரு காரணம். 1985-ல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்புக்கு அவர் தலைவராக இருந்தார். பேக்கரின் வழிகளைக் கொத்தனார்களுக்கும் பொறியாளர்களுக்கும் அது கற்றுக்கொடுத்தது. பேக்கரிடம் வீடு கேட்டு வந்தவர்களில் பலர் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், அரசு ஊழியர்கள். தாங்களே குடியிருக்கக் கட்டியவர்கள். அதே காலத்தில் வளைகுடாப் பணம் கேரளத்தின் மற்ற ஊர்களில் வேறு மாதிரி வீடுகளை எழுப்பியது. மழை கொட்டும் நாட்டில் தட்டைத் தளம் போட்டு, அது ஒழுகியபின் மேலே இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு வேய்ந்த வீடுகளை ஊர்தோறும் பார்க்கலாம். ஒரே மாநிலம், ஒரே மழை. கட்டியவர்களின் மனதில் இருந்தது வேறு.

புதுச்சேரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1937-ல் தொடங்கிப் போர்க்காலத்திலும் தொடர்ந்து கட்டப்பட்டது. அந்தோனின் ரேமண்ட் வரைய, ஜார்ஜ் நாகாஷிமாவும் ஃப்ரான்டிசெக் சாமரும் களத்தில் நின்றார்கள். ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நன்கொடையால் அந்தப் பெயர். வடக்கு, தெற்கு முகங்கள் முழுவதும் திறந்து மூடும் பலகைகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. வேலையாட்களுடன் சேர்ந்து ஆசிரமவாசிகளே உழைத்ததால் அவசரம் இருக்கவில்லை. இந்தியாவில் வார்ப்புக் கான்கிரீட்டை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட முதல் கட்டடங்களில் ஒன்று அது. 1968-ல் தொடங்கிய ஆரோவில் அந்தப் பொறுமையை மண்ணுக்குத் திருப்பியது. செம்மண்ணில் சிறிது சிமென்ட் சேர்த்துக் கையால் இயக்கும் அச்சில் அழுத்திய கட்டிகளால் கட்டும் முறையைக் கற்க இன்று பல நாடுகளிலிருந்து அங்கே வருகிறார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி நகருக்குள்ளேயே அதன் தாக்கம் குறைவு.

வட்டார வேறுபாட்டைப் பெருமளவு அழித்தது 1980-களில் பரவிய அடுக்ககம். சென்னையில் அதன் கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 1975-ன் முதல் பெருந்திட்டத்துக்குப் பின் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த தளப்பரப்புக் குறியீடு 1.5, ஆக 3,600 சதுர அடி கட்டலாம். பக்கத்தில் ஏறத்தாழ ஐந்தடி விட வேண்டும். தரைத்தளத்தில் தூண் மட்டும் நிறுத்தி வண்டிகளுக்கு விட்டால் அது கணக்கில் வராது. நிலத்துக்காரரும் ப்ரொமோட்டரும் ஜாயின்ட் வென்ச்சர் போட்டு ஃபிளாட்டுகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வாங்குபவர் பெயருக்கு யுடிஎஸ் என்ற பிரிபடாத நிலப்பங்கு பதிவாகும். அனுமதித்த பரப்பில் ஒரு சதுர அடியும் வீணாகக் கூடாது என்றால் கட்டடத்தின் உருவம் வரைபவர் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது: நான்கு பக்கமும் எல்லைவரை தள்ளிய பெட்டி, குளியலறைகளுக்கு நடுவில் ஓடிஎஸ் என்ற குறுகலான காற்றுக்குழி. திண்ணையும் முற்றமும் குறியீட்டுக் கணக்கில் நிற்கவில்லை. மிச்சமிருக்கும் வடிவமைப்பு வேலைக்குத் தொழிலில் எலிவேஷன் என்று பெயர். அதாவது தெருவைப் பார்த்த முகத்தில் மட்டும் கொஞ்சம் கல், கொஞ்சம் வண்ணம், ஒரு வளைவு. சாவியைக் கொடுத்த நாளோடு ப்ரொமோட்டரின் உறவு முடிகிறது. ஒழுகுவதும் வேகுவதும் குடியிருப்போர் சங்கத்தின் தலைவலி. 2019-ன் ஒருங்கிணைந்த விதிகள் குறியீட்டை 2 ஆக உயர்த்தியதில் பெட்டி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

இதைச் சென்னையின் குறையாக மட்டும் சொல்ல முடியாது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தின் மையம் அகமதாபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கட்ச் பகுதியில் இருந்தது. ஆயினும் அகமதாபாத்தில் பல அடுக்ககங்கள் இடிந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்தவற்றில் பெரும்பாலானவை தரைத்தளத்தை வண்டிகளுக்காகத் தூண்களில் நிறுத்தியவை. சுவரில்லாத அந்தத் தளம் முதலில் நொறுங்கியது. ஒன்றில் உச்சித் தளத்தில் நீச்சல் குளம் இருந்தது. தோஷியின் பள்ளி இருந்த ஊர், நாட்டின் சிறந்த கான்கிரீட் வேலை நடந்த ஊர். இருந்தும் விற்பதற்காகக் கட்டிய கட்டடத்துக்குள் அந்த அறிவு நுழையவேயில்லை. சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோதும் அதே கேள்விகள் எழுந்தன.

சட்டமும் அறிவை உள்ளே கொண்டுவரவில்லை. 1972-ன் கட்டடக் கலைஞர்கள் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, தொழிலை அல்ல; பதிவு பெறாதவர் கட்டடக் கலைஞர் என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாதே தவிர, வரைபடம் வரையத் தடையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறுநகரங்களில் இன்றும் பெரும்பாலான வீடுகளும் வணிக வளாகங்களும் இன்ஜினியர் பிளானில், மேஸ்திரியின் அனுபவத்தில் எழுகின்றன. பெரிய ஊர்களில் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் இருப்பார். ஆனால் எத்தனை சதுர அடி என்ற எண்ணை அவருக்கு முன்பே வேறொருவர் எழுதியிருப்பார்.

2000 ஜூலையில் வாஜ்பாய் திறந்த தரமணி டைடல் பார்க்குக்குப் பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடி அலுவலகங்கள் வந்தன. குருகிராமிலும் ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டியிலும் அகமதாபாத்தின் எஸ்.ஜி. நெடுஞ்சாலையிலும் அதே கண்ணாடி. குளிர்நாட்டில் வெயிலை உள்ளே அழைக்க வந்த பொருள் இங்கே அதை உள்ளே விட்டுவிட்டு, ஏசியால் வெளியே தள்ளச் சொல்கிறது. பன்னாட்டு வாடகைதாரர் எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே மாதிரி தளத்தை எதிர்பார்க்கிறார். கட்டுபவர் அதையே கொடுக்கிறார். இந்த வகைக் கட்டடங்களில் இன்று அகமதாபாத், சென்னை என்ற வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. வேறுபாடு ஒரே ஊருக்குள் நகர்ந்துவிட்டது: விற்கவும் வாடகைக்கு விடவும் கட்டியவை ஒரு பக்கம், அறக்கட்டளை, பள்ளி, சொந்த வீடு என்று தங்குபவர்கள் கட்டியவை மறுபக்கம். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா, திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பல வடிவ அரங்கம் போன்றவை சென்னையின் இரண்டாவது பட்டியலில் வரும்.

தங்குபவரும் மனம் மாறலாம். ஓமந்தூரார் வளாகத்தில் ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்த புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. திறப்பு நாளுக்குள் குவிமாடம் முடியாததால் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் அமைத்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் அந்தக் கட்டடம் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையானது. அகமதாபாத்தில் 2020 டிசம்பரில் மேலாண்மைக் கழகமே கானின் பதினெட்டு விடுதிகளில் பதினான்கை இடிக்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. செங்கல் தரமில்லை, பூகம்பத்தில் விரிசல் விட்டிருக்கிறது, மாணவர் தேவை மாறிவிட்டது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உலகெங்கிலுமிருந்து எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2022-ல் அந்தப் பேச்சு மீண்டும் வந்தபோது, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதாகக் கழகம் சொன்னது.